இரும்புத் தண்டின் மறுமுனை
எருமை வளர்ப்பில் பழங்குடிப் பெண்கள்: பெங்களூருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



ஒரு தாயாரின் நினைவாக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. அழைப்பிதழ் கொடுக்க வந்த அவருடைய மகன், பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். "எங்கள் அம்மா அல்சூரில் இரண்டு எருமை வைத்திருந்தார். அந்தப் பாலில்தான் நாங்கள் படித்தோம்." அதைக் கேட்ட உடனேயே இன்று எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எனக்கு முடிவாகிவிட்டது. கால்நடை மருத்துவனாக முப்பது ஆண்டுகள் மலையோரக் கிராமங்களில் சுற்றியவன் நான். அந்தத் தாயாரைப் போன்ற பெண்களிடம், குறிப்பாகப் பழங்குடி ஊர்களிலும் மேய்ச்சல் குடியிருப்புகளிலும் வாழும் பெண்களிடம், நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அதில் ஒரு பகுதியையாவது இந்த மேடையில் அடைக்க முயல்கிறேன்.

மலைமேல் கிடத்திய தண்டு

நீலகிரித் தோடர்களின் தோற்றக் கதை ஒன்று உண்டு. 1901-02இல் அவர்களிடையே ஆய்வு செய்த கேம்பிரிட்ஜ் அறிஞர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளிவந்த தம் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஓன் என்ற தெய்வமும் அவன் மனைவி பினார்கூர்ஸும் குந்தா மலைத்தொடரின் மேல் ஏறுகிறார்கள். மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓர் இரும்புத் தண்டு கிடத்தப்படுகிறது. அதன் ஒரு முனையில் நின்று ஓன் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை எழுப்புகிறான். 1600 எருமைகள் வருகின்றன. மறுமுனையில் நின்று பினார்கூர்ஸ் எழுப்புகிறாள். 1800 எருமைகள் வருகின்றன. ஓன் எழுப்பியவற்றில் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு மண்ணிலிருந்து வெளிவந்தவன்தான் முதல் தோடன்.

மனைவி எழுப்பியவை 200 அதிகம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஓன் எழுப்பிய எருமைகளின் வழியில் வந்தவை புனித எருமைகள். அவற்றுக்குக் கோயில் போன்ற பால்மனையும் பூசகரும் சடங்கும் உண்டு. பினார்கூர்ஸ் எழுப்பிய எருமைகளின் வழியில் வந்தவை சாதாரண எருமைகள். குடும்பத்தின் அன்றாடத் தேவைக்குப் பால் கொடுப்பவை.

இந்தக் கதையை முதலில் படித்தபோது ஒரு பழங்குடியின் நம்பிக்கை என்று குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு தொழுவம் தொழுவமாக அலைந்தபோதுதான் அது நம் நாடு முழுவதற்கும் பொருந்துகிறது என்று தெரிந்தது. பெண் பார்க்கும் எருமைவேலை அளவில் அதிகம், ஆனால் 'சாதாரணம்'. வீட்டு வேலையோடு வேலையாக அதுவும் கரைந்துபோகிறது. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த இரும்புத் தண்டின் மறுமுனையைப் பற்றியதுதான்.

தொழில் என்ற கட்டம்

இந்த நகரத்தின் ஆடுகோடியில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. 1923இல் ஆங்கிலேய அரசு கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைக்குமாக அங்கே தொடங்கிய நிறுவனம் அது. 1955இல் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போனது. பழைய இடம் தென்மண்டல நிலையமாகத் தொடர்கிறது. 1927இல் நந்தி மலையிலும் பெங்களூருவிலும் தங்கி உடல்நலம் தேறிவந்த காந்தியடிகள், அந்தப் பண்ணைக்குப் போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். அங்கிருந்த வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதி ஆசிரமத்து விவசாயி என்று எழுதினார். பால்வளத்துறையில் படித்தவர்கள் பெருமையோடு நினைவுகூரும் செய்தி இது.

பாரிஸ்டர் படிப்பு படித்தவர், நாட்டின் தலைவர், தம் தொழில் இன்னது என்று தாமே முடிவு செய்து தம் கையால் எழுதினார். தொழில் என்ற அந்தக் கட்டம், கணக்கெடுப்பில், காட்டோரம் எருமை வளர்க்கும் ஒரு கவுளிப் பெண்ணிடமோ சோளகர் பழங்குடிப் பெண்ணிடமோ வரும்போது பேனா வேறொருவர் கையில் இருக்கிறது. கேள்வியை வேறொருவர் கேட்கிறார். பதிலையும் பெரும்பாலும் வேறொருவரே சொல்கிறார். "வீட்டில்தான் இருக்கிறார்" என்று எழுதப்படுகிறது. விடியலில் சாணி அள்ளி, தொழுவம் கழுவி, கன்றை அவிழ்த்து விட்டு, பால் கறந்து, தீவனம் வைத்து, தண்ணீர் காட்டி, தயிர் கடைந்து, தழை ஒடித்து வந்து, சாயங்காலம் மறுபடியும் பால் கறக்கும் அந்தப் பெண் வீட்டில்தான் இருக்கிறார்.

மைசூரில் பிறந்த பொருளியலறிஞர் தேவகி ஜெயின் 1970களில் இதே கட்டத்தை எதிர்த்துத்தான் ஆய்வு செய்தார். ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களை எடுத்துக்கொண்டு, பெண்கள் ஒரு நாளின் மணி நேரங்களை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அவருடைய குழு கூடவே இருந்து கணக்கெடுத்தது. 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்டால் விட்டுப்போகிற உழைப்பெல்லாம், நேரத்தைப் பார்த்தால் அகப்பட்டது. 1980இல் வெளிவந்த அவருடைய 'பெண்களின் அதிகாரத் தேடல்' என்ற ஆங்கில நூலில் ஆராயப்பட்ட ஐந்து அமைப்புகளில் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் கூட்டுறவும் ஒன்று. பாலையும் பெண்ணையும் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் நம் கர்நாடகத்துப் பெண் என்பது இந்த அவையில் சொல்லத்தக்கது.

பாலில் உப்புக் கரித்தது

இனி என் பதிவேட்டைத் திறக்கிறேன்.

வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்புரா, ஹளியாள், முண்டகோடு, ஜோயிடா பகுதிகளின் காட்டோரங்களில் தனகர் கவுளிகள் வாழ்கிறார்கள். மராத்தி கலந்த பேச்சு. எருமைதான் சொத்து, எருமைதான் சோறு. தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிற மக்கள். பல ஆண்டுகளுக்கு முன் எல்லாப்புராவுக்கு அப்பால் ஒரு கவுளிக் குடியிருப்புக்கு, எருமை தீவனம் எடுக்கவில்லை என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து வரவேற்றார். அவருடைய மனைவி தொழுவத்துக்குள் எருமையின் தலையைப் பிடித்தபடி நின்றார்.

"எப்போது ஈன்றது?" என்று கேட்டேன்.

"இரண்டு மாதம் இருக்கும், டாக்டரே" என்றார் கணவர்.

"தசராவுக்கு நாலாம் நாள்" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

"எத்தனையாவது ஈற்று?"

"மூன்று, நான்கு..." என்று கணவர் இழுத்தார்.

"நான்கு. இரண்டாவது கிடாக்கன்று, செத்துப்போனது."

மடியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா சொன்னார்: "பின்பக்கத்து இடது காம்பு. முந்தாநாள் சாயங்காலமே பாலில் உப்புக் கரித்தது."

மடிநோய் தொடங்கும்போது பாலில் குளோரைடு உப்பின் அளவு கூடும். காம்பு வீங்குவதற்கும் பால் திரிவதற்கும் முன்பே நடக்கும் மாற்றம் அது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஆய்வகத்தில் சோதனை வைத்திருக்கிறோம். அந்த அம்மா விரல்நுனியில் ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். முந்தாநாளே.

நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் 'உரிமையாளர் பெயர்' என்ற கட்டத்தில் கணவரின் பெயரை எழுதினேன். மருந்தை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் மடியில் இருக்கிற பாலை ஒட்டக் கறந்து கீழே ஊற்றிவிட்டு, காம்பைக் கழுவித் துடைத்து, ஐந்து நாள் விடாமல் மருந்து ஏற்ற வேண்டும் என்று அவரிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். மறுநாள் அதிகாலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். போகிற போக்கில் மனைவியிடம் மூன்று நாள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சொன்னபடி மூன்று நாள் செய்தார், நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் நான் போனபோது அந்தக் காம்பு தூர்ந்துபோயிருந்தது. நாலில் ஒரு பங்கு பால் அந்த ஈற்றோடு போயிற்று.

நோயைக் கண்டுபிடித்தவர் அவர். மருந்து ஏற்றியவர் அவர். நான் பேசியது மட்டும் அவரிடம் இல்லை. பிழை என்னுடையது. தொழுவத்துக்குள் நின்ற மருத்துவரைவிட்டு வாசலில் நின்ற பார்வையாளரிடம் பேசிவிட்டு வந்தேன்.

எருமை அறிந்த கை

எருமையின் உடலமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு ஏன் அறிமுகமான கை வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

பசுவின் மடியில், கறப்பதற்கு முன்பே பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காம்புக்கு மேலுள்ள பால்தொட்டியில் இறங்கி நிற்கும். எருமைக்கு அப்படி நிற்பது சுமார் 5 விழுக்காடுதான். மிச்சம் எல்லாம் மடியின் நுண்ணறைகளில் தங்கியிருக்கும். எருமை மனம் வைத்துச் சுரப்பு விட்டால்தான் கீழே வரும். கன்று முட்ட வேண்டும், மடியை நீவ வேண்டும், தெரிந்த குரல் கேட்க வேண்டும், தெரிந்த வாசனை வர வேண்டும். புது ஆள் உட்கார்ந்தால் எருமை பாலை அடக்கிக்கொள்ளும். கறக்கிற பெண் ஊருக்குப் போனால், வீட்டிலுள்ளவர்கள் அவருடைய சேலையைப் போர்த்திக்கொண்டு கறப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நெருக்கம்.

சினைப்பருவமும் அப்படித்தான். பசு கத்தும், மற்ற மாடுகள் மேல் தாவும், ஊருக்கே தெரியும். எருமையின் சினைப்பருவம் பெரும்பாலும் ஊமை. அறிகுறிகள் மெல்லியவை, அவையும் இரவிலோ விடியலிலோ வந்து போகும். கொஞ்சம் பால் குறையும், அடிக்கடி சிறுநீர் விடும், வாலை ஒதுக்கும். இதைக் கவனிக்கத் தவறினால் மூன்று வாரம் வீண். இப்படியே இரண்டு மூன்று முறை தவறினால் இரண்டு ஈற்றுக்கு இடையே மாதக்கணக்கில் பாலில்லாத காலம் நீளும். 10 மாதம் 10 நாள் சுமக்கிற விலங்கு அது. விடிகாலையில் அதன் பக்கத்தில் இருப்பவர் யாரோ அவர்தான் அந்தக் குடும்பத்தின் வருமானத்தை முடிவு செய்கிறார். நானறிந்த வீடுகளில் அவர் பெண்.

வைத்தியமும் அவரிடம் உண்டு. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடிவீக்கத்துக்குப் பூசுவது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த கைமுறை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய மரபு மருத்துவ முறைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இன்று தேசியப் பால்வள வாரியம் அவற்றை நாடெங்கும் பரப்புகிறது. பெங்களூரு எலகங்காவிலுள்ள பல்துறைப் பல்கலைக்கழகம் அந்த முயற்சியில் பங்கேற்கிறது. நுண்ணுயிர்க் கொல்லிகளின் எச்சம் பாலில் கலப்பதைக் குறைக்க உலகமே வழி தேடும் காலத்தில், அந்த அறிவு அடுப்பங்கரையிலிருந்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன வழியில், சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயரும் அதோடு போக வேண்டும்.

பொன் வேண்டாம், எருமை போதும்

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பெண் புதியவர் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர் வருகிறார். ஆயர்மகள் விடியலில் எழுந்து தயிர் கடைகிறாள். சும்மாட்டின் மேல் மோர்ப்பானையை வைத்துக்கொண்டு ஊருக்குள் போகிறாள். மோர் விற்றுக் கிடைத்த உணவால் சுற்றத்தையெல்லாம் உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். எருமையும் நல்ல பசுவும் இளங்கிடேரியுமாக வாங்கிக்கொள்கிறாள்.

பலமுறை படித்த பகுதிதான். ஒரு கால்நடை மருத்துவனாக அந்த மறுப்பில் நான் நின்றுவிடுகிறேன். பொன் பெட்டியில் இருக்கும். கிடேரி நாளை எருமையாகும், எருமை கன்று ஈனும். மோர் அன்றாடச் செலவுக்கு, நெய் முதலீட்டுக்கு என்று வருமானத்தை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்த பெண் அவள். விற்பதும் அவள், விலை பேசுவதும் அவள், முதலை எதில் போடுவது என்று முடிவு செய்வதும் அவள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர் இந்த மூன்றையும் ஒரே பெண்ணின் கையில் கண்டிருக்கிறார்.

கவுளிகளின் பழைய வாழ்க்கையும் இதற்கு வெகு அருகில் இருந்தது. இந்திய அறிவியல் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய சூழலியலறிஞர் மாதவ் காட்கில், மானிடவியலறிஞர் கைலாஷ் மல்ஹோத்ராவோடு சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் கவுளிகளை ஆராய்ந்தார். பள்ளத்தாக்கில் குன்பிகள் பயிர் செய்தார்கள், மேட்டில் கவுளிகள் எருமை மேய்த்தார்கள். கவுளிகள் பாலைத் தோய்த்துக் கடைந்து, மோரைத் தாங்கள் குடித்து, வெண்ணெயைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். ஒரே மலையில் இரண்டு சமூகங்கள் ஒன்றன் வயிற்றில் ஒன்று அடிக்காமல் வாழ்ந்த ஏற்பாடு அது. அதன் நடுவில் ஒரு மத்தும் அதைச் சுற்றிய கயிறும் இருந்தன.

பிறகு பால் பாலாகவே விலைபோகத் தொடங்கியது. 1970இல் தொடங்கி 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டுக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட்டுறவுச் சங்கம் வந்ததால் இடைத்தரகரிடம் ஏமாறுவது குறைந்தது. ஆனால் தயிரும் மோரும் நெய்யும் விற்ற நாளில் காசு பெண்ணின் முந்தானை முடிச்சில் இருந்தது. சங்கத்தில் பால் ஊற்றத் தொடங்கியதும் உறுப்பினர் அட்டை வந்தது, வங்கிக் கணக்கு வந்தது. அந்த அட்டை பல வீடுகளில் ஆணின் பெயரில் வந்தது. உழைப்பு அதே கையில் இருக்க, காசு போகும் பாதை மாறியது. இதை உணர்ந்துதான், பெண்களுக்கான மத்திய அரசின் ஸ்டெப் பயிற்சித் திட்டத்தின் துணையோடு கர்நாடகத்தில் பெண்களுக்கென்றே பால் சங்கங்கள் தொடங்கப்பட்டன. பெண்களே தலைவர், பெண்களே செயலர், பெண்களே பாலை அளப்பவர். நல்ல பணி. காட்டோரக் குடியிருப்புகள் வரை அது இன்னும் போக வேண்டும்.

எண்ணித் தைக்கிற கை

இப்போது மறுபடியும் நீலகிரிக்கு வருகிறேன். ஏனென்றால் அங்கே நிலைமை வேறு. தோடர்களிடம் பால் கறப்பதும் கடைவதும் மரபுப்படி ஆண்களின் வேலை. பால்மனைக்குள் பெண் நுழையக் கூடாது. மோர் வாங்கப் பெண்கள் வர வேண்டிய வழியும், அவர்கள் நிற்க வேண்டிய இடமும்கூட மந்து எனப்படும் தோடர் குடியிருப்பில் வகுக்கப்பட்டிருந்தன என்று ரிவர்ஸ் எழுதுகிறார். பாத்திரத்தோடு அந்த இடத்தில் வந்து நிற்கிறாள் ஒரு பெண். மோரை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்புகிறாள். அவளுக்கும் எருமைக்கும் நடுவே அந்தச் சில அடி தூரம் எப்போதும் இருந்தது.

ஆனால் அதே சமூகத்தில், எருமைகளைக் குலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவள் தேக்கிர்சி என்ற பெண் தெய்வம். புனித எருமைக்குக் குலம் தாய்வழியில் போகிறது; தாய் எந்த மந்தையோ கன்றும் அந்த மந்தை. எருமையின் மரபைத் தாயிடமும் மந்தையின் பங்கீட்டைத் தேவியிடமும் ஒப்படைத்த மக்கள், பால் பாத்திரத்தை மட்டும் ஆணிடம் கொடுத்தார்கள். அது அவர்களின் சமயம். அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் தோடப் பெண்களே. நான் சொல்ல விரும்புவது வேறு.

தொட முடியாத எருமையை அவர்கள் துணியில் கொண்டுவந்தார்கள். பூத்துக்குளி என்ற வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் செய்யும் பூத்தையலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். துணியில் முன்கூட்டிக் கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை. நெசவின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஊசியை ஏற்றி இறக்கி, வடிவத்தை எழுப்புகிறார்கள். அந்த வடிவங்களில் மலை உண்டு, பூ உண்டு, எருமைக் கொம்பு உண்டு. 2013இல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று பல தோடக் குடும்பங்களுக்கு அந்தக் கை வேலை ஒரு வருமானம். இழை தப்பாமல் எண்ணத் தெரிந்தவர்களை எந்தக் கணக்கெடுப்பும் எருமைச் செல்வத்தின் பங்காளியாக எண்ணியதில்லை.

அந்தக் கொம்புகளுக்கு உரிய எருமைகளோ குறைந்துகொண்டே வருகின்றன. சோலைகளுக்கு நடுவே விரிந்து கிடந்த புல்வெளியில் தேயிலை வந்தது, சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. புல் போனது, எருமையும் போனது. பல குடும்பங்கள் காரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாறிவிட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் தோட எருமை மந்தை ஒன்றை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் ஒரு மந்தையைப் பண்ணையில் காப்பாற்றலாம். மலையில் அதோடு வாழ்ந்த வாழ்க்கையை மலையில்தான் காப்பாற்ற முடியும்.

புல் யாருடையது

இந்தியாவில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11 கோடி எருமைகள் இருக்கின்றன. நாட்டின் மொத்தப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவானது எருமைப் பால். ஆனால் தெற்கே படம் வேறு. தமிழ்நாட்டில் 2012இல் சுமார் 7.8 லட்சமாக இருந்தவை 2019இல் சுமார் 5.2 லட்சம் ஆகிவிட்டன. ஏழே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. கறுத்த தோல் வெயிலை இழுக்கும். புரளக் குட்டையும் ஒதுங்க நிழலும் மேயப் புல்லும் இல்லாமல் அது வாழாது. குட்டையை மூடிவிட்டு எருமையைக் காப்பாற்ற முடியாது.

காட்டோர மக்களுக்கு மேய்ச்சல்தான் உயிர்நாடி. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்கள் அளவில் சுருக்கியது. பர்கூர் மலை முதல் தேனி வரை மேய்ச்சல் குடும்பங்கள் கலங்கிய நாட்கள் அவை. கர்நாடகத்தில் காளி புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வாழும் கவுளிகளுக்கும் இதே கவலை. காட்டைக் காப்பது கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மேய்ச்சல் நிற்கும்போது அதன் பாரம் யார் தலையில் ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டும். எருமை வெளியே போகாவிட்டால் புல் வீட்டுக்கு வர வேண்டும். அதைச் சுமந்து வருவது பெண்ணின் தலை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. நில உரிமைப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்கிறது. கிராம சபைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று 2012இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தச் சரிவில் எந்தப் புல் முதலில் துளிர்க்கும் என்று தெரிந்த பெண்கள் அந்தச் சபையில் வாய் திறந்து பேசினால் மட்டுமே அந்த விதிக்குப் பொருள் உண்டு.

செய்யத்தக்கவை

என் அனுபவத்திலிருந்து நான்கை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, பெயர். சங்க உறுப்பினர் அட்டை, எருமைக் காப்பீடு, கடன் எல்லாம் கறக்கிற கையின் பெயரில் இருக்கட்டும். 2018-19 முதல் விவசாயக் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. நிலம் இல்லாத பெண்ணும் கேட்கலாம். கேட்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஒருவர் போக வேண்டும்.

இரண்டாவது, நேரம். காலை பத்து மணிக்கு வட்டத் தலைநகரில் பயிற்சி வைத்தால் ஆண்கள்தான் வருவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, குடியிருப்பிலேயே, தொழுவத்து ஓரத்தில் வையுங்கள். முடிந்தவரை ஒரு பெண் மருத்துவரோ, 'பசு சகி' எனப்படும் பயிற்சி பெற்ற கால்நடைத் தோழியோ பேசட்டும்.

மூன்றாவது, இனம். 2021இல் தார்வாடி எருமை நாட்டின் 18ஆவது எருமை இனமாகப் பதிவு பெற்றது. புவிசார் குறியீடு பெற்ற தார்வாடு பேடாவின் சுவைக்குப் பின்னால் கவுளிகள் வளர்த்த இந்த எருமையின் பால் இருக்கிறது. இனத்துக்குப் பதிவு, இனிப்புக்குக் குறியீடு இரண்டும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக நல்ல கிடேரியைத் தேர்ந்து வைத்துக்கொண்ட பெண்களுக்கு அந்த விலையில் பங்கு கிடைக்க வேண்டும்.

நான்காவது, புல்லும் நீரும். இது இல்லாமல் மற்ற மூன்றும் காகிதம்.

இன்னொரு கட்டம்

அந்தக் காம்பு தூர்ந்துபோன எருமையின் கதையை நான் முடிக்கவில்லை.

அன்று திரும்பி வந்ததும் என் பதிவேட்டில், அச்சிட்டிருந்த 'உரிமையாளர் பெயர்' கட்டத்துக்குப் பக்கத்தில், கோல் வைத்து இன்னொரு கோடு இழுத்தேன். தலைப்பில் 'பராமரிப்பவர்' என்று எழுதினேன். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு புதுப் பதிவேட்டிலும் அந்தக் கோட்டை என் கையாலேயே போட்டுவந்தேன்.

அடுத்த முறை அந்தக் குடியிருப்புக்குப் போனபோது நேராகத் தொழுவத்துக்குள் போனேன். அதே அம்மா. சாணி அள்ளிய கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "உங்கள் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டேன்.

"என் பெயர் எதற்கு, டாக்டரே?" என்றார். அவர் முகத்தில் நாணம் இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டுகளாக யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"எருமையைப் பற்றி இனி உங்களிடம்தான் கேட்கப் போகிறேன். அதற்குத்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். எருமையின் முதுகில் கை வைத்து, முதலில் அதன் பெயரைச் சொன்னார். அது எழுதி முடியும் வரை பொறுத்திருந்து, பிறகு தன் பெயரைச் சொன்னார்.